எங்கள் குரல் எந்தப் பெட்டியில் இருக்கிறது?

நான்கு வருடங்களுக்கு முன்னால், திருவொற்றியூரில் நாங்கள் மாலை வகுப்பு நடத்துகிற குடியிருப்புக்கு ஒரு குழு வந்தது. இரண்டு கேமரா, ஒரு மைக், ஆங்கிலத்தில் அச்சடித்த படிவங்கள். "அழிந்துவரும் நாட்டுப்புறக் கலைகளை ஆவணப்படுத்த வந்திருக்கிறோம்" என்றார்கள். சாவு வீடுகளில் கானா பாடும் பெரியவர் ஒருவரையும், ஒப்பாரி பாடும் இரண்டு அம்மாக்களையும் உட்காரவைத்து மூன்று மணிநேரம் பாடச் சொன்னார்கள். "யாரும் சாவாம எப்டிம்மா ஒப்பாரி வெக்கிறது?" என்று ஓர் அம்மா தயங்கினார். பரவாயில்லை, சும்மா பாடுங்கள் என்றார்கள். பாடினார். பாடி முடித்ததும் நிஜமாகவே அழுதார். கேமரா அதையும் எடுத்துக்கொண்டது. படிவங்களில் இரண்டு கையெழுத்து, ஒரு கைநாட்டு. தலைக்கு முந்நூறு ரூபாய். வண்டி கிளம்பிவிட்டது.

அந்தப் பெரியவர் இன்றைக்கும் எங்களைத் தெருவில் பார்த்தால் கேட்பது ஒரே கேள்விதான்: "என் கொரல எடுத்துகினு போனாங்களே தம்பி, அது இப்ப எங்க கீது?"

எங்களிடம் பதில் இல்லை. படிவத்தின் நகலை அவர்கள் யாருக்கும் கொடுக்கவில்லை. நாங்கள் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை.

வயதானவரின் மனக்குறை என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஒரு நாட்டில் கலைக்கும் பண்பாட்டு மரபுக்கும் என்று ஒரு தேசிய மையம் எதற்காக இருக்க வேண்டும் என்ற கேள்வியை, எந்தக் கருத்தரங்கிலும் கேட்காத தெளிவோடு அவர் கேட்கிறார். அவருக்காகத்தான் இந்தக் கட்டுரை.

யாருக்கு மையம்?

இந்திய ஒன்றிய அரசிடம் அப்படி ஒரு மையம் இருக்கிறது. இந்திரா காந்தி தேசியக் கலை மையம். 1985 நவம்பரில் தொடங்கிவைக்கப்பட்டு, 1987இல் அறக்கட்டளையாகப் பதிவானது. பண்பாட்டு அமைச்சகத்தின் கீழ் தன்னாட்சி நிறுவனமாகப் புது தில்லியில் இயங்குகிறது. அதன் நிறுவன இயக்குநர் கபிலா வாத்ஸ்யாயன். கலைகளை மக்களின் வாழ்க்கையிலிருந்தும் இயற்கையிலிருந்தும் பிரிக்காமல் படிக்க வேண்டும், எழுத்து மரபையும் வாய்மொழி மரபையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அது அறிவித்த நோக்கம். காகிதத்தில் இருக்கும் இந்த நோக்கத்தோடு நமக்கு எந்தச் சண்டையும் இல்லை.

அந்த மையத்தின் பிரிவுகளைப் பாருங்கள். 'கலாகோசம்' என்ற பிரிவு அடிப்படை நூல்களை ஆராய்கிறது. 'கலாமூலசாஸ்திரம்' என்ற வரிசையில் சமஸ்கிருத சாஸ்திர நூல்களை மொழிபெயர்ப்போடு பதிப்பித்திருக்கிறது. 'ஜனபத சம்பதா' என்ற பிரிவு நாட்டுப்புற, பழங்குடி மக்களின் வாழ்வியலைப் பார்க்கிறது. ஒரு பக்கம் மூலம், சாஸ்திரம். இன்னொரு பக்கம் ஜனம், வாழ்வியல். சமூகவியல் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தப் பிரிவினை பழக்கமானதுதான். சாஸ்திரம் வைத்திருப்பவர் சிந்திக்கிறார், பாட்டு வைத்திருப்பவர் வெறுமனே வாழ்கிறார் என்ற எண்ணம் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. பூர்தியூ சொன்ன பண்பாட்டு மூலதனம் இப்படித்தான் உருவாகிறது. பாட்டு எல்லோரிடமும் இருக்கிறது. அதற்கு முத்திரை குத்தும் அதிகாரம் சிலரிடம் மட்டும் இருக்கிறது.

2023 மார்ச்சில் இந்த மையம் உருவாக்கிய வேதப் பாரம்பரிய இணையத்தளத்தை ஒன்றிய உள்துறை அமைச்சர் தொடங்கிவைத்தார். நான்கு வேதங்களிலிருந்தும் 18,000க்கு மேற்பட்ட மந்திரங்கள், 550 மணிநேரத்துக்கும் மேலான பதிவு. யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்து கேட்கலாம். கேட்டால் காதில் ஈயம் காய்ச்சி ஊற்று என்று தர்மசாஸ்திரம் சொன்ன ஒன்று எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டிருக்கிறது. நல்லதுதான். அந்த 550 மணிநேரத்தின் மீது நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் அதிலிருந்து ஒன்று தெரிகிறது: மனம் வைத்தால் ஒரு வாய்மொழி மரபை முழுதாகப் பதிவுசெய்து, வகைப்படுத்தி, விளக்கம் எழுதி, மக்கள் கையில் கொடுக்க அரசால் முடியும். எங்கள் பெரியவரின் மூன்று மணிநேரத்துக்கு மட்டும் ஏன் முடியவில்லை?

உலக அரங்குக்கு வருவோம். யுனெஸ்கோவின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2008இல் வேதம் ஓதுதல் இடம்பெற்றது. 2017இல் கும்பமேளா, 2021இல் கொல்கத்தாவின் துர்கா பூஜை, 2023இல் குஜராத்தின் கர்பா. தமிழ்நாட்டுக்கே உரிய கலை ஒன்றுகூட அதில் இல்லை. பறை இல்லை, தெருக்கூத்து இல்லை. தமிழ்நாடு தில்லியின் கண்ணில் படுவது வேறு மாதிரி. 2023இல் ஜி20 மாநாட்டுக்காக பாரத் மண்டபத்தின் முன் நின்ற 27 அடி நடராசர் சிலையை இதே மையம் சுவாமிமலை ஸ்தபதிகளைக் கொண்டு செய்வித்தது. சிலைக்கு இடம் இருக்கிறது. சாவு வீட்டுக்காரனின் பாட்டுக்கு இடம் எங்கே?

கூவத்துக்குத் தெற்கே, கூவத்துக்கு வடக்கே

தில்லி தூரம். சென்னைக்கே வருவோம். 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமி, 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்ரா. இரண்டும் கூவத்துக்குத் தெற்கே. கலாக்ஷேத்ராவை 1993ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. 2017இல் யுனெஸ்கோ சென்னையைத் தன் படைப்பு நகரங்கள் வலையமைப்பில் இசை நகரமாகச் சேர்த்தது. நகரமே மகிழ்ந்தது. மகிழ்ச்சிப் படங்களில் தம்புராவும் வீணையும் இருந்தன.

கூவத்துக்கு வடக்கே என்ன கொடுத்தார்கள்? துறைமுகம், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, அனல்மின் நிலையங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. அந்த நிலையக் கட்டடம் பாரம்பரியச் சின்னம் என்று பேசப்படுகிறது. பேசட்டும். தூண்களை எண்ணுகிறவர்கள், அங்கே மூட்டை ஏற்றி இறக்கிய தோள்களையும் எண்ண வேண்டும். அந்தத் தோள்கள் பொழுதுசாய்ந்து வீடு திரும்பிப் பாடியதும் இந்த நகரத்தின் இசைதான். துறைமுகக் கூலிகள், ரிக்‌ஷாக்காரர்கள், மில் தொழிலாளர்கள், துப்புரவுப் பணியாளர்கள் என உழைக்கும் தலித் மக்கள் வளர்த்தெடுத்தது கானா. சட்டியும் டேப்பும் மேசையும் தாளமாக, செத்துப்போனவனின் பெயரைச் சொல்லி, விடிய விடிய. குத்துச்சண்டைப் பரம்பரைகளும் இந்த மண்ணின் மரபுதான். 2021இல் 'சார்பட்டா பரம்பரை' வந்த பிறகுதான் தெற்கே பலருக்கு அது தெரிந்தது.

இவை எதையும் ஒரு மையம் வந்து காப்பாற்றவில்லை. 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடை ஏறியது, 2020 டிசம்பரிலிருந்து மார்கழியில் மக்களிசை நடந்தது என எல்லாம் நம் தோழர்களின் முயற்சி. 2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மகிழ்ந்தோம். ஆனால் விருது ஒருவரின் சட்டையில் குத்தப்படுவது. அமைப்பு மாறினால்தான் அது ஆயிரம் பேருக்குச் சோறாகும்.

காப்பாற்றப்பட்ட கலை, கைவிடப்பட்ட மக்கள்

"அப்படியானால் கானாவையும் பறையையும் தேசிய மையத்தில் சேர்த்துவிட்டால் போதுமா?" என்று கேட்பீர்கள். போதாது. சேர்ப்பதிலும் ஆபத்து இருக்கிறது.

திருவொற்றியூர் தியாகராசர் கோயிலின் 14ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளைப் படித்துப் பாருங்கள். படியிலார், தேவரடியார், இஷபத்தளியிலார் என்ற பிரிவினரிடையே கோயில் சேவைகளில் எழுந்த தகராறும், யாருக்கு எந்தச் சேவை என்று பிரித்துக் கொடுத்த தீர்ப்பும் அங்கே கல்லில் இருக்கின்றன. ஆடலும் பாடலும் இன்ன கூட்டத்துக்கு இன்ன முறை என்று வெட்டிவைத்த கல் அது. நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

அந்தப் பெண்களின் வழிவந்த சமூகங்கள் ஆடிய சதிர், 1930களில் பரதநாட்டியம் என்ற புதுப் பெயரோடு சபா மேடைக்கு வந்தது. கலை காப்பாற்றப்பட்டது என்றார்கள். உண்மைதான், கலை காப்பாற்றப்பட்டது. ஆடிய குடும்பங்கள் மேடைக்குக் கீழே நின்றன. உயர்சாதி வீட்டுப் பெண்கள் ஆடியபோது அது பண்பாடானது. அதுவரை ஆடியவர்களுக்கு அவப்பெயர் மட்டும் மிஞ்சியது. பொட்டுக்கட்டும் கொடுமையை 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது சரி, அதற்காக முத்துலட்சுமி ரெட்டி போராடியதும் சரி. ஆனால் கலையை எடுத்துக்கொண்டவர்கள் அந்தப் பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு அதில் பங்கு தரவில்லை. ஒரு கலையைக் காப்பாற்றி அதன் மக்களைக் கைவிட முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நாளைக்குக் கானாவுக்கும் இதுவே நடக்கலாம். குளிரூட்டிய அரங்கில், திருத்திய உச்சரிப்பில், சாவும் கோபமும் கழுவப்பட்ட கானா. பாடுகிறவர் வேறு யாரோ. எங்கள் பெரியவர் வாசலில் வண்டி நிறுத்தும் வேலையில் இருப்பார்.

தலைமுறை தலைமுறையாக என்றால் என்ன?

இன்னொரு ஆபத்து இதைவிட நுட்பமானது. கலை அழியக்கூடாது என்பதற்காக நம்மை அதிலேயே கட்டிவைப்பது.

எண்ணூரில் எங்களுக்குத் தெரிந்த ஒருவர் நாற்பது வருடம் சாவுக்கு மேளம் அடித்தவர். மகனுக்கு ஏன் சொல்லித்தரவில்லை என்று கேட்டோம். "அவன் இத அடிக்கக் கூடாதுன்னுதான்யா நான் இவ்ளோ நாள் அடிச்சேன்" என்றார். பாரம்பரியம் பேசுகிற அறிஞர்களுக்கு இது ஒரு கலையின் அழிவு. நமக்கு ஒரு மனிதரின் வெற்றி. தமிழ்நாட்டின் ஊர்களில் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்ததற்காக அடிபட்டவர்கள், ஊர்விலக்கம் செய்யப்பட்டவர்கள் நம் ஆட்கள். அவர்கள் பறையைக் கீழே போட்டது விடுதலை. இன்று ஒரு கல்லூரி மாணவி தன் விருப்பத்தால் பறையைக் கையில் எடுப்பதும் விடுதலை. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு சொல்: விருப்பம்.

யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கை பண்பாட்டு மரபை, தலைமுறையிலிருந்து தலைமுறைக்குக் கைமாறுவது என்று வரையறுக்கிறது. இந்தியா 2005இல் அதை ஏற்றது. நார்வேக்காரர் இந்த வரியைப் படித்தால் பாட்டி சொன்ன கதை நினைவுக்கு வரும். இந்தியாவில் சேரியில் பிறந்தவர் படித்தால் அப்பன் தொழில் நினைவுக்கு வரும். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்யும் மனிதரையும் மேல் கீழாக அடுக்கியது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் விளக்கினார். அந்த அடுக்கைத் தாங்கி நிற்கும் தூணுக்குப் பெயர்தான் பரம்பரை.

இது பழைய கதை இல்லை. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில் என்றது. குலக்கல்வி என்று தமிழ்நாடு அதை எதிர்த்து எழுந்தது. அடுத்த ஆண்டு காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. 2023 செப்டம்பரில் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டம் செருப்புத் தைத்தல், துணி வெளுத்தல், முடிதிருத்துதல் உட்பட 18 தொழில்களுக்கு உதவி தருகிறது. குரு சிஷ்யப் பரம்பரை, குடும்பவழித் தொழில் என்பவை அதன் அறிவிப்பிலேயே வருகின்றன. இப்போதுள்ள வடிவில் அதை ஏற்க மாட்டோம் என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு சொன்னது சரியான முடிவு.

அதே 2003 உடன்படிக்கையில் இன்னும் இரண்டு இடங்கள் இருக்கின்றன. நம்மிடம் யாரும் அவற்றைப் படித்துக் காட்டுவதில்லை. மனித உரிமைகளுக்கு ஒத்துப்போகும் மரபை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது 2ஆம் பிரிவு. மரபை உருவாக்கிக் காத்துவரும் சமூகங்கள் அதன் மேலாண்மையில் முடிந்த அளவு பங்கேற்கச் செய்ய வேண்டும் என்கிறது 15ஆம் பிரிவு. ஒரு தேசிய மையத்தின் முதல் வேலை இங்கேதான் இருக்கிறது: மரபையும் சாதிக் கட்டாயத்தையும் பிரித்துப் பார்ப்பது. அதைச் செய்யத் தெரியாத மையம் எத்தனை மணிநேரம் பதிவு செய்தாலும் மனுவுக்குத்தான் வேலை செய்கிறது.

நாங்கள் கேட்பது

மையம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நம் வரிப்பணத்தில் நடக்கும் நிறுவனத்தை அவர்களிடமே விட்டுவிட்டு வருவது போராட்டம் ஆகாது. அது செய்ய வேண்டியவை இவை.

முதலாவது, நாற்காலி. எந்தக் கலையைப் பதிவுசெய்வது, எதற்குப் பணம், எந்தப் பெயரில் என்று முடிவெடுக்கும் குழுவில் அந்தக் கலையின் மக்கள் உட்கார வேண்டும். மேடையில் ஆடவைப்பது பிரதிநிதித்துவம் ஆகாது.

இரண்டாவது, பதிவின் மீது உரிமை. படிவம் தமிழில் இருக்க வேண்டும், வாசித்துக் காட்ட வேண்டும். பாடியவருக்கு ஒரு நகல், அவர் தெரு நூலகத்துக்கு ஒரு நகல். படத்திலோ பாடத்திலோ அந்தப் பதிவு பயன்பட்டால் அவருக்குப் பங்கு. வேண்டாம் என்று பிறகு சொன்னால் எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது, கூலி. பதிவு செய்யும் பேராசிரியருக்கு ஆராய்ச்சி நிதி, பாடியவருக்கு முந்நூறு ரூபாயும் டீயும் என்ற கணக்கு முடிவுக்கு வர வேண்டும்.

நான்காவது, இடம். எண்ணூர்க் கழிமுகத்தில் சேற்றில் இறங்கிக் கையாலேயே இறால் பிடிக்கும் இருளர்களின் அறிவு ஒரு மரபு. மீனவர்கள் காற்றையும் நீரோட்டத்தையும் படிக்கும் அறிவு ஒரு மரபு. அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்தபோது, 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து வலைகளையும் படகுகளையும் கறுப்பாக்கியபோது, அழிந்தது சுற்றுச்சூழல் மட்டுமா? டி.எம். கிருஷ்ணா 2017இல் 'புறம்போக்கு' பாட்டைக் கழிமுகத்திலேயே நின்று பாடிக் காட்டினார். ஒரு கர்நாடக இசைக் கலைஞருக்குத் தெரிந்த தொடர்பு தேசிய மையங்களுக்கும் தெரிய வேண்டும். கரையோர மக்களைப் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு அவர்கள் பாட்டைப் பெட்டியில் வைப்பதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை. பாடுகிறவன் தெருவில் இருந்தால்தான் பாட்டு தெருவில் இருக்கும்.

நம் வீட்டுக் குப்பை

தில்லியைக் கேட்கும் வாயால் நம்மையும் கேட்டுக்கொள்வோம். கானா மேடைகளில் பெண்ணைக் கேலிப்பொருளாக்கும் பாடல்களுக்கு நாமே விசில் அடித்திருக்கிறோம். சாவு வீட்டில் ஒப்பாரி பெண்களுக்கு, கானா ஆண்களுக்கு என்று நாமும் ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறோம். அதை உடைத்து வந்தவர் வடசென்னையின் இசைவாணி. 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தபோது பகிர்ந்தோம். 2024இல் ஒரு பாட்டுக்காக அவரை ஆபாசமாகத் திட்டி மிரட்டியபோது நம்மில் எத்தனை பேர் கூட நின்றோம்? மரபைப் பாடுகிறவர் தாக்கப்படும்போது பக்கத்தில் நிற்பதும் பண்பாட்டுப் பாதுகாப்புதான். அதற்கு எந்த அமைச்சகத்தின் அனுமதியும் தேவையில்லை.

இந்த மாதம் செய்ய வேண்டியது

மாணவத் தோழர்களே, கோபப்பட்டுவிட்டுக் கலைந்துபோக வேண்டாம். இரண்டு வேலை இருக்கிறது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, ஒன்றிய அரசின் கலை நிறுவனங்களுக்கும் பொருந்தும். கட்டணம் பத்து ரூபாய். 6ஆம் பிரிவின்படி விண்ணப்பிக்கும் பகுதியின் அலுவல் மொழியில், அதாவது தமிழிலேயே கேட்கலாம். முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இந்த நான்கையும் எழுதுங்கள்: சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் இதுவரை யாரை, எந்தக் கலைக்காகப் பதிவு செய்தீர்கள்? பதிவுகள் எங்கே இருக்கின்றன, மக்கள் எப்படிக் கேட்கலாம்? கலைஞர்களுக்குத் தலா எவ்வளவு கொடுத்தீர்கள்? முடிவெடுக்கும் குழுக்களில் பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர்கள் எத்தனை பேர்?

இரண்டாவது வேலை நம் தெருவில். உங்கள் கையில் ஃபோன் இருக்கிறது. பாட்டியிடம் உட்காருங்கள். முதலில் அனுமதி கேளுங்கள். பாட விருப்பம் இல்லை என்றால் விட்டுவிடுங்கள், அந்த மறுப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. பாடினால் பெயர், தெரு, தேதி, செய்த வேலை எல்லாம் எழுதி, பதிவை அவர் பேரப்பிள்ளையின் ஃபோனில் ஏற்றிவிட்டு எழுந்திருங்கள்.

போன வாரம் அந்தப் பெரியவரோடு உட்கார்ந்து எங்கள் முதல் விண்ணப்பத்தை எழுதினோம். பத்து ரூபாயை நாங்கள் எடுப்பதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். "என் கொரலு, நாந்தானே கேக்கணும்" என்றார். கையெழுத்தும் அவருடையதுதான். முப்பது நாளை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

ஜெய் பீம்.